விதவை வேடத்துக்கு ஓர் ஆள்

நடந்தவை இந்த வரிசையில் நடந்தன.

1. ரீச்சர் புவாண்ட்-கிளேரில் ஓர் ஆங்கில நாடகம் பார்த்தார்.
2. அதைத் தமிழில் போடுவதென்று நான்கு பெண்கள் தீர்மானித்தார்கள்.
3. நாடகத்தில் ஒரு பெண்ணின் கணவன் இறக்கிறான். அந்தப் பெண்ணாக நடிக்க ஆள் கிடைக்கவில்லை.
4. என் அம்மா நடித்தார்.
5. இடைவேளையில் அம்மாவின் பொட்டு அழிக்கப்பட்டது.
6. அதன்பிறகு அம்மா பொட்டு வைக்கவில்லை.
7. கீழ்வீட்டு அன்ரி எங்கள் வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார்.

என் வேலை விமான உதிரிப்பாகங்களைச் சோதிப்பது. ஒரு பாகம் உடைந்து திரும்பி வந்தால், யார் பிழை என்று பேசத் தொடங்குமுன் நடந்தவற்றை மட்டும் வரிசையாக எழுத வேண்டும். அந்த வரிசையில் ‘ஏனென்றால்’ என்ற சொல் வரக்கூடாது. மேலே உள்ளதிலும் அது இல்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குளிர்காலத்தில் தேவாலயத்தின் அடித்தள மண்டபத்தில் ஒன்றாக ஓடித் திரிந்த பிள்ளைகள் நாம். இப்போது நமக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. கலியாணப் படங்களும் வாடகை வீட்டுச் செய்திகளும்தான் அதில் அதிகம். போன மாதம் ரீச்சரின் பேத்தி, தன் அம்மப்பாவின் பழைய கமராவில் கிடந்த நாடகத்தின் ஒரு துண்டை அதில் போட்டாள். மேடையில் ஒரு கதிரை. அதில் என் அம்மா இருந்து புட்டுச் சாப்பிடுகிறார். மூன்று பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். அவ்வளவுதான்.

கீழே நீங்கள் எழுதியிருந்தீர்கள். ‘அன்ரி என்ன நடிப்பு!’ ‘அழுதிட்டன்.’ ஒருவர் எழுதியது: ‘பாவம் அன்ரி. மற்ற ஆக்கள் மாட்டன் எண்டதால அவவைப் பிடிச்சு விட்டவை.’ அதற்கு நிறைய இதயங்கள் விழுந்திருந்தன.

நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லி வந்தேன். அது சரியல்ல.

நானும் அம்மாவும் கியூபெக்கில் பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வந்து அது இரண்டாவது குளிர்காலம். மாமா எங்களை ஸ்பொன்சர் செய்து எடுத்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணர். எங்களுடையது மேல்மாடி வீடு. அதற்குக் கீழே இருந்தவர்தான் கீழ்வீட்டு அன்ரி. அவர் பிறந்தநாள்களுக்கும் சாமத்தியவீடுகளுக்கும் சமைத்துக் கொடுப்பவர். படிக்கட்டில் எப்போதும் இரண்டு வாசனைகள் இருக்கும்: ஈரச் சப்பாத்துகளின் வாசனை, அன்ரியின் சட்டியில் பொரியும் வெங்காயத்தின் வாசனை. பாடசாலை விட்டு வரும்போது எந்த மாடிக்கு வந்துவிட்டேன் என்பது மூக்குக்குத் தெரிந்துவிடும். அன்ரி எங்கள் கதவைத் தட்டுவதில்லை. திறந்துகொண்டு வருவார். “எடி பிள்ளை, உப்புப் பாத்துச் சொல்லு” என்று அகப்பையோடு வந்து நிற்பார். அம்மா உள்ளங்கையை நீட்டுவார்.

அப்பா எங்களோடு வரவில்லை. ஊரில் கடைசி யுத்தம் முடிந்த கிழமை, விசாரணைக்கென்று ஆமி ஏற்றிய ஒரு பஸ்ஸில் அவர் ஏறினார். ஏறுமுன் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். பஸ் போனது. அதன்பிறகு தகவல் இல்லை. இது என் நினைவா, அம்மா சொல்லி என்னிடம் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அம்மாவின் தாலிக்கொடி அதற்கு முன்பே அரிசியாகவும் பால்மாவாகவும் மாறியிருந்தது. அப்பாவுக்காக அம்மாவின் உடம்பில் மிச்சம் இருந்தது பொட்டு ஒன்றுதான்.

கடும் சிவப்பு நிற ஒட்டுப்பொட்டு. அதன் அட்டை குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருக்கும். இரவில் கழற்றும் பொட்டைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பார். சுடுநீர் ஆவி படும்போது அவை மெல்ல வழுகி இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கிளிநொச்சியிலிருந்து மாமி வீடியோவில் வருவார். மாமி அப்பாவின் அக்கா. அந்த நாட்களில் அவர் அப்பாவின் படத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் முதல் சொல்வது ஒன்றுதான்.

“பிள்ளை, கிட்ட வா. முகத்தைக் காட்டு.”

அம்மா போனுக்குக் கிட்டப் போவார். மாமி முகத்தைப் பார்ப்பதில்லை, நெற்றியைப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் மூச்சு விட்டுக் கதை தொடங்கும்.

“நீ பொட்டு வச்சிருக்கிற வரைக்கும் நானும் தேடுவன்” என்பார்.

“ஓம் மச்சாள்” என்பார் அம்மா.

இது இப்படி இருக்கும்போதுதான் நாடகம் வந்தது.

ரீச்சர் ஊரில் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் மகளோடு இருந்தார். எல்லோரும் அவரை ரீச்சர் என்றே அழைத்தார்கள். அவருடைய மகள்கூட சில வேளைகளில். மகள் அவரைப் புவாண்ட்-கிளேரில் ஒரு நாடகத்துக்குக் கூட்டிப் போயிருந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் ஆசைக்குப் போடும் நாடகம். அமெரிக்காவின் தெற்கே, வெக்கை பிடித்த ஒரு சின்ன ஊர். நான்கு சிநேகிதிகள். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோவது இந்த நான்கு பேர்தான். பாதிக் கதையில் நால்வரில் ஒருத்தியின் கணவன் இறந்துபோகிறான். இப்போது அவள் வீட்டுக்கே சாப்பாடு கொண்டுபோக வேண்டும். அவள் சாப்பிட மாட்டேன் என்கிறாள். மற்ற மூவரும் யாருடைய சாப்பாடு நல்லது என்று சண்டை பிடிக்கிறார்கள். கடைசியில் அவள் ஒரு வாய் சாப்பிடுகிறாள். விளக்கு அணைகிறது.

“வெள்ளைக்காரியள்தான், ஆனா கதை எங்கட கதை” என்று ரீச்சர் சொல்லிக்கொண்டு திரிந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டாததும், அயல் வீடுகள் சாப்பாடு கொண்டுபோவதும் அங்கேயும் இருக்கிறதென்பது அவருக்குப் பெரிய அதிசயம்.

நான்கு பேர் சேர்ந்தார்கள்: ரீச்சர், கீழ்வீட்டு அன்ரி, மன்னார் அன்ரி, அம்மா. மன்னார் அன்ரி கார்டெரியில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை செய்தவர். கத்தோலிக்கர். தேவாலய அடித்தள மண்டபத்தை எடுத்துத் தந்தவர் அவர்தான். அவருடைய சிரிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். சுடுநீர்க் குழாய்கள் அதிரும்.

மண்டபத்தில் மெழுகு போட்ட தரையின் மணம். மடிப்பு மேசைகள். நம் ஸ்னோசூட்டுகளை ஒரு மூலையில் குவித்து, அதன்மேல் விழுந்து எழும்புவோம். யாராவது ஒருவர் பிரெஞ்சில் ‘அரெத்!’, நிறுத்துங்கள், என்று கத்துவார். நம்மை வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாததால்தான் நாம் அங்கே இருந்தோம். ஆனால் நமக்காகத்தான் நாடகம் என்று நான் நினைத்திருந்தேன்.

முதல் ஒத்திகைக்கு ரீச்சர் பழைய உடுப்புக் கடையிலிருந்து நான்கு வைக்கோல் தொப்பிகள் வாங்கி வந்திருந்தார். ஒன்று மஞ்சள், துணிப்பூ வைத்தது. அதற்கு நாம் அடிபட்டோம். கீழ்வீட்டு அன்ரி அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சேலை, பனிச் சப்பாத்து, வைக்கோல் தொப்பி, அதன் கீழே பெரிய பொட்டு.

“எப்பிடி இருக்கிறன்?”

“தோட்டத்து வெருளி மாதிரி” என்றார் மன்னார் அன்ரி.

“உனக்குப் பொறாமை.”

ரீச்சர் சிரிக்கவில்லை. “பொட்டை எடுக்கவேணும். அமெரிக்காக்காரி பொட்டு வைக்கிறதில்லை.”

“நாடகம் நடக்கிற நேரம் மட்டும்தானே, ரீச்சர்?”

“ஓம்.”

“அப்ப நீங்கள் முதல் எடுங்கோ, பாப்பம்.”

ரீச்சரின் கை நெற்றிவரை போனது. அங்கேயே நின்றது. பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கியது.

“இவர் முன்வரிசையில இருந்து பாக்கப்போறார்” என்றார் ரீச்சர்.

“உங்கட மனுசன் முன்வரிசை, என்ர மனுசன் மட்டும் றோட்டிலயோ?” என்று கீழ்வீட்டு அன்ரி கேட்க, மன்னார் அன்ரி குழாய்கள் அதிரச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் கீழ்வீட்டு அன்ரி குரலை இறக்கினார். “பகிடி இல்லை, ரீச்சர். அவருக்கு இப்பதான் நெஞ்சுக்க குழாய் வச்சது. நான் பொட்டில்லாமல் மேடையில நிக்கிறதை அந்த மனுசன் பாக்கவேணுமே?”

ஆகவே ரீச்சர் ஊரை மாற்றினார். அமெரிக்கச் சின்ன ஊர், பருத்தித்துறைப் பக்கத்துக் கடலோரச் சின்ன ஊர் ஆனது. சுட்ட இறைச்சித் தட்டுகள் புட்டும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் ஆயின. தொப்பிகள் பெட்டிக்குள் போயின. பெட்டி நம்மிடம் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அவர்கள் செய்த பிழை இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க விதவைக்கு நெற்றியிலிருந்து எடுப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் ஊர் விதவைக்கு இருக்கிறது. தங்கள் பொட்டுகளைக் காப்பாற்றுவதற்காக ஊரை மாற்றியவர்கள், சனங்களின் முன்னால் ஒரு பொட்டு அழிந்தே ஆகவேண்டிய நாடகத்தை உண்டாக்கிவிட்டார்கள்.

அது அடுத்த ஒத்திகையில்தான் தெரிந்தது. விதவை வேடம் கீழ்வீட்டு அன்ரிக்கென்று இருந்தது. நடிப்பில் அவர்தான் கெட்டிக்காரி. இரண்டாம் பாதியின் முதல் தாளைப் பார்த்ததும் அவர் அதை மடித்து மேசையில் வைத்தார்.

“இது நான் இல்லை.”

“முதல் பாதியில பொட்டோட இருக்கவேணும், இரண்டாம் பாதியில இருக்கக்கூடாது. சனம் கண்ணால பாக்கவேணும். அதுதான் நாடகம்” என்றார் ரீச்சர்.

“அப்ப நீங்கள் செய்யுங்கோ.”

“என்ர வயசில அந்தப் பாத்திரம் எடுபடாது.”

பிறகு ஒருவரும் அம்மாவைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்துக்கொண்டிருந்த விதத்திலேயே எல்லோரும் அவரைத்தான் நினைத்தார்கள் என்பது தெரிந்தது. அம்மா மூலையில் நம் ஸ்னோசூட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்குக் கீழே இருந்தேன். உங்களில் சிலரும் இருந்தீர்கள்.

முதலில் பேசியது மன்னார் அன்ரி. இந்த இடத்தைத்தான் நாம் எல்லோரும் கதையில் விட்டுவிடுகிறோம்.

“நான் செய்யிறன், ரீச்சர். எனக்குப் பொட்டும் இல்லை, பொட்டுப் பயமும் இல்லை. முதல் பாதிக்கு ஒண்டு வச்சு விடுங்கோ, பேந்து துடைப்பம். என்ர மனுசன் கேட்டா நான் பாத்துக்கொள்ளுறன்.”

ரீச்சரின் முகம் தெளிந்தது. “அப்ப சரி. பிரச்சினை முடிஞ்சுது.”

“இல்லை” என்றார் அம்மா. ஸ்னோசூட்டின் கையை உள்ளிருந்து வெளியே இழுத்துக்கொண்டே சொன்னார். “நான் செய்யிறன்.”

“விசரே உனக்கு? உனக்கேன் பிள்ளை இது?” என்றார் கீழ்வீட்டு அன்ரி.

“அந்தப் பாத்திரத்துக்கு வசனம் குறைவு, அக்கா. எனக்குச் சுகம்.”

அவர் சொன்ன காரணம் அது ஒன்றுதான். கீழ்வீட்டு அன்ரி மடித்து வைத்த தாளை எடுத்து அம்மாவின் பக்கம் தள்ளினார்.

அம்மா மோசமாக நடித்தார். இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். புவாண்ட்-கிளேரில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் வேலைக்கு விடியவே பஸ் எடுத்துப் போய் வந்து, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தக் கதிரையில் இருப்பார். பொட்டோடுதான் இருப்பார். இரண்டாம் பாதியில் அது அங்கே இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

“கொஞ்சம் அழுங்கோவன், பிள்ளை” என்பார் ரீச்சர்.

“வருகுதில்லை, ரீச்சர்.”

“வெங்காயம் கொண்டு வரட்டே? என்னட்ட மூட்டையாக் கிடக்குது” என்பார் கீழ்வீட்டு அன்ரி.

அம்மா சிரித்துவிடுவார். கணவனை இழந்தவள் சிரித்தால் எப்படி என்று ரீச்சர் தலையில் கை வைப்பார். ஒத்திகைக்குக் கீழ்வீட்டு அன்ரி உண்மையான புட்டுத்தான் கொண்டுவருவார். முடிந்ததும் நமக்கு அது கிடைக்கும், ஆறிப்போய், தேங்காய்ப்பூ இறுகி. மூன்று தரம் தட்டைத் தள்ளிவிட வேண்டும், நான்காம் தரம் ஒரு வாய் எடுக்க வேண்டும். அம்மா எண்ணி எண்ணித் தள்ளுவார்.

நாமும் அதை விளையாடினோம். மஞ்சள் தொப்பி போட்டவர் செத்தவர். மற்றவர்கள் பனிக்கட்டிகளைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம். எனக்குச் சாகிற முறை வரும்போது கண்ணை மூடிக்கொண்டு சப்பாத்து ஒலிகளைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். பிடித்திருந்தது.

நாடகம் ஒரு சனிக்கிழமைப் பின்நேரம். மண்டபம் நிறைந்திருந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனின் கடைக்காரர்கள், மன்னார் அன்ரியின் பங்குச் சனம், டொலார்டிலிருந்து கார்களில் வந்தவர்கள். மாமாவும் வந்திருந்தார். அம்மாவுக்கு என்ன வேடம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. விளக்குப் போடும் பொறுப்பு தேவாலயக் காவலாளியிடம். தமிழ் தெரியாத வயதான கியூபெக்காரர். கதிரையில் இருக்கும் பெண் ஒரு வாய் சாப்பிட்டதும் விளக்கை அணைக்க வேண்டும் என்று மன்னார் அன்ரி அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

முதல் பாதிக்கு அம்மாவின் ஒட்டுப்பொட்டு போதாது, பின்வரிசைக்குத் தெரியாது என்று ரீச்சர் குங்குமத்தைக் குழைத்துப் பெரிதாக வைத்துவிட்டிருந்தார். அதற்காக அம்மா ஒட்டுப்பொட்டைக் கழற்றினார். எங்கே ஒட்டினார் என்று கவனிக்கவில்லை.

இடைவேளையில் நான் ஜூஸ் கேட்டு உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன். அது ஞாயிறு மறைக்கல்வி வகுப்பறை. சுவரில் சிறகு விரித்த கடதாசிச் சம்மனசுகள், குட்டிக் கதிரைகள். அம்மா குட்டிக் கதிரை ஒன்றில் முழங்கால்கள் உயர இருந்தார். மன்னார் அன்ரி கார்டெரியில் குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள் பக்கெற்றோடு நின்றார்.

“நீங்கள் அழிச்சு விடுங்கோ, அக்கா” என்று அம்மா கீழ்வீட்டு அன்ரியிடம் சொன்னார்.

“நீயே துடையன், எடி. அந்தா கண்ணாடி கிடக்குது.”

“என்னால ஏலாது. நீங்கள் செய்யுங்கோ.”

மண்டபத்திலிருந்து சனங்களின் சத்தம் கேட்டது. தேத்தண்ணிக் கோப்பைகள், கதிரைகளை இழுக்கும் ஒலி. அம்மா முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினார், முகத்துக்குப் பவுடர் போடக் காத்திருக்கும் பிள்ளையைப் போல. அன்ரி ஒரு தாளை எடுத்துத் துடைத்தார். குங்குமம் போகவில்லை; பரவியது. நெற்றி முழுவதும் சிவந்தது. இன்னொரு தாள். இன்னொன்று. மன்னார் அன்ரி உருவி உருவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்ரியின் வாய் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. அறை முழுவதும் குழந்தைப் பவுடர் மணந்தது. குப்பைத்தொட்டியில் சிவப்புத் தாள்கள் மெல்ல விரிந்தன.

அம்மா கண் திறந்து என்னைக் கண்டார்.

“ஜூஸ் அந்தப் பையுக்க கிடக்குது” என்றார்.

நான் எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டாம் பாதியில் அம்மா வெள்ளைச் சேலையோடு கதிரையில் வந்து இருந்தபோது, பெண்கள் இருந்த பக்கத்தில் ‘ச்சு’ என்று ஓர் ஒலி எழும்பியது. மாமா கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். மூன்று சிநேகிதிகளும் தட்டுகளோடு வந்தார்கள். கீழ்வீட்டு அன்ரி குனிந்து, தாளில் எழுதியிருந்தபடியே, “ஒரு வாய் சாப்பிடு” என்றார்.

அம்மா தள்ளிவிடவில்லை. தட்டை வாங்கினார். புட்டைக் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

அடுத்து ரீச்சர் சொல்ல வேண்டியது, “அவளை வற்புறுத்தாதேங்கோ” என்பது. அதற்கு இப்போது இடமில்லை. அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து அடுப்படியில் நின்று சாப்பிடுவாரே, அப்படி.

மன்னார் அன்ரிதான் சமாளித்தார். “சொதி காணுமே?”

“இன்னும் கொஞ்சம் விடு” என்று ரீச்சரும் சேர்ந்துகொண்டார்.

“பச்சை மிளகாய் கிடக்குது, பாத்து” என்றார் மன்னார் அன்ரி.

மண்டபம் சிரித்தது. அம்மா தலையை ஆட்டி, மிளகாயை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு நிமிர்ந்து கீழ்வீட்டு அன்ரியைப் பார்த்துச் சொன்னார்:

“புட்டு நல்லாயிருக்கு, அக்கா.”

அன்ரி அழத் தொடங்கினார். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நீங்கள் பார்த்த துண்டு அங்கே முடிகிறது. சனம் எழுந்து கைதட்டியது. யாருடைய நடிப்புக்காகத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. முதல் வாயிலேயே அணைய வேண்டிய விளக்கு தட்டு வெறுமையாகும்வரை எரிந்தது. பசியோடு சாப்பிடும் ஒருவரை இருட்டில் விட மனம் வரவில்லை என்று காவலாளி பிறகு மன்னார் அன்ரியிடம் பிரெஞ்சில் சொன்னாராம்.

அடுத்த நாள் ஞாயிறு. அம்மா குளியலறையில் தலை இழுத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பழைய பொட்டுகள் இருந்தன, அட்டையும் இருந்தது. அம்மா சீப்பிலிருந்த முடியைச் சுருட்டித் தொட்டியில் போட்டார். விளக்கை அணைத்தார். வெளியே வந்தார்.

போன் அடித்தது.

“பிள்ளை, கிட்ட வா. முகத்தைக் காட்டு.”

அம்மா போனார். வழமையைவிடக் கிட்டப் போனார். மாமி பார்த்தார். அங்கே இருட்டியிருந்தது, ஒரு நாய் குரைத்தது, யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் சமையலறை யன்னலுக்கு வெளியே முதல்நாள் கொட்டிய பனியில் வெயில் பட்டு, வீடெல்லாம் கண் கூசும் வெளிச்சம்.

“உங்கட பக்கம் வெளிச்சம் காணாது” என்றார் மாமி. “முகம் வடிவாத் தெரியேல்ல.”

“ஓம் மச்சாள். இஞ்ச குளிர்காலம்.”

“சாப்பிட்டனீங்களே?”

“ஓம். நேற்றுப் புட்டு.”

மாமா இரண்டு நாள் கழித்து வந்தார். அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்று நினைத்து, ஐயரோடு கதைத்து அப்பாவின் அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுவோம் என்றார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். “ஆர் செத்தது எண்டு நான் சொன்னனான், அண்ணை?” என்றார். மாமா குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் பிழையாக விளங்கிக்கொண்டார். எல்லோருமே அப்படித்தான்.

கீழ்வீட்டு அன்ரி அதிலும் கூடுதலாக. “என்ர கையாலதான் அந்தப் பிள்ளையின்ர பொட்டை அழிச்சனான்” என்று கடை கடையாகச் சொன்னார். படியேறி வருவது நின்றது. ரோல்ஸ் சுட்டால் கதவுக் கைப்பிடியில் பையைக் கொழுவிவிட்டு, மணியை அடித்துவிட்டு இறங்கிவிடுவார். கதவைத் திறக்கும்போது அவருடைய செருப்புச் சத்தம் கீழ்ப்படியில் இருக்கும். ஒருநாள் அம்மா வெறும் டப்பாக்களை எடுத்துக்கொண்டு கீழே போனார். நானும் போனேன்.

“நீங்கள் ஒண்டும் செய்யேல்ல, அக்கா. நான் கேட்டுத்தானே செய்தனீங்கள்.”

“நீ கேப்பாய். எனக்கெங்க போச்சு புத்தி? என்ர மனுசனுக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு உன்னை அந்தக் கதிரையில இருத்திப்போட்டன்.”

“நானாத்தான் இருந்தனான், அக்கா.”

“நீ நல்லபிள்ளை. அப்பிடித்தான் சொல்லுவாய்.”

அம்மா டப்பாக்களை மேசையில் வைத்தார். “உப்புப் பாக்க வேணுமெண்டா கூப்பிடுங்கோ” என்றார். அன்ரி கூப்பிடவில்லை.

உங்கள் இதயங்களைப் பார்த்த பிறகு அந்தத் துண்டை அம்மாவுக்குக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். ஏன் அன்று மன்னார் அன்ரிக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“களைச்சுப் போனன், பிள்ளை. ஒவ்வொரு காலமையும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு, இண்டைக்கும் இருக்கிறார் எண்டு ஒட்டவேணும். நானாக் கழட்டினா, அவர் இல்லையெண்டு நான் சொன்ன மாதிரி. நாடகமெண்டா ஒருத்தரும் ஒண்டும் சொன்னதா ஆகாது.”

கொஞ்சம் பொறுத்து, “அக்கான்ர புட்டு உண்மையா நல்லாயிருந்தது. அதை அவ நம்பேல்ல” என்றார்.

இப்போதைய நிலை இது. அம்மாவை யாரும் பிடித்து விடவில்லை. ரீச்சர் காலமாகிவிட்டார். மன்னார் அன்ரி இன்னும் கார்டெரியில் இருக்கிறார். மஞ்சள் தொப்பி எங்கே என்று தெரியாது. உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கீழ்வீட்டு அன்ரி டொலார்டில் வீடு வாங்கிப் போய்விட்டார். அவருடைய கணவர் சுகமாக இருக்கிறார். முருகன் கோயிலில் அன்ரி அம்மாவைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் கதைப்பார், நெற்றியைப் பார்க்க மாட்டார். இதை அவருக்கு வாசித்துக் காட்டும்படி அவருடைய மகளிடம், அவளும் நம் குழுவில்தான் இருக்கிறாள், கேட்டிருக்கிறேன். காட்டுவாளா என்று தெரியாது. மாமி இப்போது வீதியோரக் கொட்டில் ஒன்றில் அப்பாவின் படத்தோடு, காணாமல் போனவர்களைக் கேட்டுப் போராடும் மற்றப் பெண்களோடு இருக்கிறார். அப்பாவைப் பற்றித் தகவல் இல்லை. அம்மா பொட்டு வைப்பதில்லை. போன ஞாயிறும் மாமி வீடியோவில் வந்தார். அம்மாவைக் கிட்ட வரச் சொன்னார். வெளிச்சம் காணாது என்றார்.